எம்பியின் மனுசன்

பன்னிரண்டு வருஷமாகக் கணேசலிங்கத்துக்கு முன்வரிசைக் கதிரைதான். மொன்றியலில் எந்தத் தமிழ்ச் செத்தவீடு, எந்தப் பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, எந்த அரங்கேற்றம் என்றாலும், "எம்பியின்ர மனுசன் வந்திட்டார், இடம் விடுங்கோ" என்று யாராவது ஓடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முன்னுக்கு இருத்திவிடுவார்கள். பக்கத்துக் கதிரை எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். அது எம்பிக்கு என்று விட்ட கதிரை. எம்பி வரமாட்டார் என்பது விட்டவர்களுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மரியாதை என்று இருக்கிறதே! கணேசலிங்கம் அந்தக் கதிரையில் தன் குளிர்ச்சட்டையை மடித்து வைப்பார்.

எம்பி என்றால் அவருடைய மனைவி ஞானாம்பிகை. சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. பத்தொன்பது வயதில் ஒரு சூட்கேசோடு வினிபெக்கில் மாமா வீட்டில் வந்து இறங்கியவள். கோதுமை வயலையும் பனியையும் விட்டால் கண்ணுக்கு வேறொன்றும் தெரியாத அந்தச் சமவெளி ஊரில், முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டே படித்துச் சட்டத்தரணி ஆனாள். ஆறு வருஷம் அங்கே கமக்காரரின் காணிச் சண்டைகளுக்கு வழக்காடினாள். வெள்ளைக்காரக் கமக்காரர், உழவு இயந்திரத்தை வெளியில் நிறுத்திவிட்டுச் சேற்றுச் சப்பாத்தோடு வந்து, இந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்களாம். பிறகு கலியாணம் பேசி மொன்றியலுக்கு வந்தாள். கியூபெக்கில் சட்டமும் வேறு, பாஷையும் வேறு. இன்னொருத்தி என்றால் சரி போகட்டும் என்று விட்டிருப்பாள். இவள் முப்பத்திரண்டு வயதில், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பிரெஞ்சில் மறுபடி சோதினை எடுத்தாள். அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அகதி வழக்குகள்தான். 'அம்பிகை லோயர்' என்றால் பார்க் எக்ஸ்டென்சனில் இருந்து லாசால் வரைக்கும் தெரியாத ஆள் கிடையாது.

கணேசலிங்கம் டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் தொடங்கி, விமானப் பாகங்கள் கடையும் தொழிற்சாலை ஒன்றில் மெசினில் நின்று ஓய்வு பெற்றவர். பிழையில்லாத வேலைக்காரர். கதை குறைவு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி கட்சிக்காரர் நாலு பேர் வீடு தேடி வந்து, ஞானாம்பிகை தேர்தலில் நிற்கவேண்டும் என்று கேட்டார்கள். அவள் தயங்கினாள். "வீடு என்னாகும்?" என்றாள். "நீர் நில்லும். வீட்டை நான் பாக்கிறன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் சாட்சாத் இந்தக் கணேசலிங்கம்தான். ஐயோ, அந்த ஒரு சொல்லுக்கு அந்த மனிதர் பட்ட பாடு!

திங்களில் இருந்து வியாழன் வரைக்கும் அவள் ஒட்டாவாவில். வெள்ளி தொகுதி அலுவலகம். சனி ஞாயிறு கட்சிக்காரரோடு ஓட்டம். வீட்டுக்கு வந்தாலும் காதில் போன். கணேசலிங்கம் புட்டு அவித்தால் இரண்டு பேருக்கு அவிப்பார். கை அப்படிப் பழகிவிட்டது. அடுப்படியில் நின்றபடியே தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு மற்றதை ஃப்ரீசருக்குள் வைப்பார். மகள் சிவாஜினி கல்கரியில். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் கதைப்பாள். மற்றபடி அந்த வீட்டில் கதைப்பது தொலைக்காட்சிதான். பின்னேரம் பாராளுமன்றச் சனலைப் போடுவார். மூன்றாவது வரிசையில் சாம்பல் கோட்டோடு அவள் இருப்பாள். காமெரா அவளிடம் ஒரு நொடி நிற்கும்போது, "சாப்பிட்டனீரோ?" என்று கேட்பார். ஒருநாள் அப்படிக் கேட்டுவிட்டு, பதில் வராதது என்னவோ புதுச் செய்தி மாதிரி அழுதுவிட்டார். அதை யாரிடம் போய்ச் சொல்ல? எம்பியின் மனுசனுக்கு என்ன குறை என்று கேட்பார்கள்.

அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் திகதிகள். ஒட்டாவாவில் இருக்கும் எம்பிக்கு ஊரில் யார் செத்தது, யாருக்கு எட்டுச்செலவு, யாருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று தெரியாது. கணேசலிங்கத்துக்கு அவ்வளவும் மனப்பாடம். எந்த வீட்டில் சாவுத் துடக்கு எப்போது கழியும், எந்த மண்டபத்தில் அந்தியேட்டிச் சாப்பாடு, எல்லாம் கேட்டவுடன் சொல்வார். ஞானாம்பிகை எந்தக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதென்றாலும் முதலில் அவருக்குத்தான் போன் எடுப்பாள். தமிழ்ச்சனத்தின் கூட்டத்தை ஒரு அந்தியேட்டி நாளில் வைத்தால் மண்டபத்தில் கதிரைதான் இருக்கும் என்பது ஒட்டாவாவில் எந்த ஆலோசகருக்குத் தெரியும்?

இந்த முறை சிக்கல் வேறு மாதிரி வந்தது. இந்த நாட்டில் தேர்தலில் நிற்பதற்கு முதல், தொகுதியில் உள்ள கட்சி அங்கத்தவர்கள் நேரில் வந்து வாக்குப் போட்டு இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று தெரிவு செய்யவேண்டும். போன மூன்று தடவையும் ஞானாம்பிகையை எதிர்த்து ஒருவரும் வரவில்லை. இப்போது தொகுதி எல்லைகள் மாறிவிட்டன. ஒரு இளம் பிரெஞ்சு டாக்குத்தர் கையைத் தூக்கிவிட்டார். நல்ல பெடியன், சிரித்த முகம், ஆளுக்கு ஆள் அங்கத்துவப் படிவம் நிரப்பிக்கொண்டு திரிந்தான். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமன் என்று கணக்குச் சொன்னது.

ஞானாம்பிகையின் முதுகெலும்பு லாசாலில் இருந்த சிவநேசத்தார் குடும்பம். ஏழு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திமார் எல்லாரும் பக்கத்துப் பக்கத்து அபார்ட்மெண்ட் கட்டடங்கள் இரண்டில். இருபத்திமூன்று வருஷத்துக்கு முந்தி சிவநேசத்தாரைத் திருப்பி அனுப்ப விமானச் சீட்டே போட்டாயிற்று. கடைசி நாளில் நீதிமன்றத்தில் நின்று மறித்தவள் இவள். அதன் பிறகு பிள்ளைகளை ஒவ்வொன்றாக இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதும் இவள் கையால்தான். அந்த வீட்டில் எழுபத்தொரு வாக்கு. எழுபத்தொன்றும் அம்பிகை அக்காவுக்கு.

அந்தச் சிவநேசத்தார் பெப்ரவரி பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை கண்ணை மூடினார். ஞானாம்பிகைக்கு அந்தக் கிழமை ஒரு குழுவின் விசாரணை, வரமுடியவில்லை. கணேசலிங்கம் போனார். முன்வரிசை. பக்கத்துக் கதிரையில் குளிர்ச்சட்டை. கடைக்குட்டி மகள் அனோஜினி அழுத முகத்தோடு வந்து சொன்னாள்.

"அண்ணை, அந்தியேட்டி மார்ச் பதினைஞ்சு, ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் எடுத்தாச்சு. அக்காவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அப்பா கடைசி மட்டும் அவவைத்தான் கேட்டவர்."

"ஓம் பிள்ளை, கட்டாயம்" என்றார் கணேசலிங்கம்.

எட்டு நாள் கழித்து, மத்தியானம், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது ஞானாம்பிகையின் போன் வந்தது.

"இஞ்சரப்பா, கட்சிக் கிளை ரெண்டு ஞாயிறு தந்திருக்கு. மார்ச் பதினைஞ்சு, இல்லாட்டி இருபத்திரண்டு. டாக்குத்தருக்கு எதெண்டாலும் சரியாம். எங்கட ஆக்களுக்கு எது தோது?"

கணேசலிங்கம் கத்தியை வைத்துவிட்டு வாயைத் திறந்தார். பதினைந்து வேண்டாம், சிவநேசத்தாரின் அந்தியேட்டி என்ற பதில் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அவள் இன்னொன்றையும் சொன்னாள்.

"வேறொண்டும் யோசிச்சனான். இந்த முறை வெண்டால் இஞ்ச ஒட்டாவாவிலை ஒரு சின்ன அபார்ட்மெண்ட் வாங்கலாம் போல கிடக்கு. ஒவ்வொரு கிழமையும் ரெண்டு மணித்தியாலம் ஓடித்திரிய உடம்பு ஏலுதில்லை. நான் மாசத்திலை ஒருக்கா அங்கை வந்து போவன்."

வந்து போவன்! தன் வீட்டுக்கு வந்து போவாளாம். அந்த நேரம் மனிதர் கத்தியிருக்கலாம். எனக்கு ஏலாது, நீர் வீட்டை வாரும் என்று கெஞ்சியிருக்கலாம். கெஞ்சிப் பழக்கமில்லாத வாய் வேறொன்றைச் சொன்னது.

"பதினைஞ்சை எடும்" என்றார். "ஒரு தடையும் இல்லை."

"நல்லாப் பாத்தனீங்களே?"

"பாத்தனான்."

"சரி, நீங்கள் சொன்னால் சரிதான்" என்று அவள் வைத்துவிட்டாள். அந்த நம்பிக்கையைக் கேட்ட பிறகாவது திரும்ப எடுத்திருக்கக் கூடாதா? போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நின்றார், வெங்காயத்தைத் திரும்ப வெட்டத் தொடங்கினார்.

பாவத்தைத் திருத்த இன்னொரு வாய்ப்பும் வந்தது. வாக்குப் பதிவுக்கு ஐந்து நாள் இருக்கையில் அனோஜினியே போன் எடுத்தாள்.

"அண்ணை, அக்கான்ர வோட்டும் அண்டைக்குத்தானாமே! என்ன செய்வம்? ஐயர் ரெண்டுக்கு முடிச்சிடுவார். சாப்பாட்டுக்கு முதல் ஒரு பஸ் பிடிச்சு எல்லாரையும் ஏத்திக்கொண்டு வந்து போட்டிட்டு வரட்டோ? சனம் ஒரு மணித்தியாலம் பசி கிடக்கும், அவ்வளவுதான்."

பாருங்கள், அந்தப் பிள்ளை செத்த தகப்பனின் படையலைப் பிந்தி வைக்கவும் ஆயத்தமாக நிற்கிறாள். கணேசலிங்கம் என்ன சொன்னார் தெரியுமா?

"வேண்டாம் பிள்ளை. அப்பான்ர காரியத்தை ஒழுங்காப் பாருங்கோ. அக்காவுக்கு ஆக்கள் காணும். நீங்கள் அலையத் தேவையில்லை."

"அக்கா குறை நினைக்கமாட்டாவே?"

"அவதான் சொல்லச் சொன்னவ" என்றார். பொய்க்கு மேல் பொய்.

மார்ச் பதினைந்து. பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் பன்னிரண்டில் இருந்து நாலு வரைக்கும் வாக்கு. கணேசலிங்கம் தன் வான் வண்டியில் நாலு நடை ஓடினார். நடக்கமுடியாத கிழவிகளைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கினார். அடையாள அட்டையை மறந்தவர்களுக்குத் திரும்ப வீட்டுக்குப் போய் எடுத்துக் கொடுத்தார். ஒன்றைச் செய்துவிட்டு அதை மறைக்க நூறு செய்வது என்பது இதுதான். ஞானாம்பிகை வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் அவருடைய வானுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"லாசால் ஆக்கள் எங்கையப்பா?"

"வருவினம்" என்றார் அவர், கண்ணைப் பாராமல்.

நாலரைக்கு எண்ணி முடிந்தது. டாக்குத்தருக்கு முந்நூற்றி இரண்டு. ஞானாம்பிகைக்கு இருநூற்றி அறுபத்தொன்று. அவள் மேடை ஏறி டாக்குத்தரின் கையைப் பிடித்துத் தூக்கி, இரண்டு பாஷையிலும் வாழ்த்துச் சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. இறங்கி வந்தபோதுதான், வானில் வந்த கிழவிகளில் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"என்ன பிள்ளை, சிவநேசத்தாற்ற அந்தியேட்டி அண்டைக்கெண்டு வோட்டை வச்சிட்டாய்?"

ஞானாம்பிகை அப்படியே நின்றாள். பிறகு கணேசலிங்கத்திடம் திரும்பினாள். "சாப்பாடு முடிஞ்சிருக்காது. வாங்கோ, போவம்" என்றாள்.

பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து போன முதல் அந்தியேட்டி அதுதான். மண்டபத்தில் சனம் கலையத் தொடங்கியிருந்தது. சிவநேசத்தாரின் படம் போட்ட நினைவுக் கல்வெட்டுப் புத்தகங்கள் வாசல் மேசையில் அடுக்கியிருந்தன. யாரோ ஓடிவந்து இரண்டு பேரையும் முன்வரிசையில் இருத்தினார்கள். இரண்டு கதிரையிலும் ஆள். இதற்காகத்தானே இவ்வளவும் என்று கணேசலிங்கம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷப்பட்டார். வெட்கம் கெட்ட மனசு!

அனோஜினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா! வெண்டிட்டியளே?"

"இல்லை பிள்ளை. நாற்பத்தொரு வோட்டாலை போச்சு."

அனோஜினி நெஞ்சில் கையை வைத்தாள். "ஐயோ கடவுளே! நாங்கள் எழுபத்தொரு பேர் இஞ்ச இருந்து சோறு திண்டனாங்கள்! அண்ணை, நான் பஸ் பிடிக்கட்டோ எண்டு கேட்டனான் எல்லே? ஆக்கள் காணும், வரவேண்டாம், அக்காதான் சொல்லச் சொன்னவ எண்டு..."

கணேசலிங்கம் நிலத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற ஏழு பிள்ளைகளும் மருமக்களும் ஞானாம்பிகையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம்" என்றாள் ஞானாம்பிகை. "நான்தான் சொல்லச் சொன்னனான். என்ர கணக்குப் பிழைச்சுப் போச்சு. நீங்கள் மனசிலை ஒண்டும் வையாதேங்கோ. ஐயான்ர காரியம்தான் முக்கியம்." எழும்பிப்போய்ப் படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிட்டாள். திரும்பி வந்து, வாழையிலையில் போட்ட சோற்றை, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள்.

வானில் ஏறி லாசால் பாலத்தடிக்கு வந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவோரப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது கேட்டாள்.

"ஏனப்பா?"

கணேசலிங்கம் எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தார். "நீர் வீட்டை வரவேணும் எண்டு" என்றார். "என்னாலை ஏலாது ஞானம். பன்னிரண்டு வருஷம். அந்த வீட்டிலை சுவரோடை கதைச்சுக் கதைச்சு என்னை விசராக்கிப் போடும்."

"ஒருநாள் சொல்லியிருக்கலாமே. ஒருநாளாவது!"

"சொல்லியிருந்தால் விட்டிட்டு வந்திருப்பீரே?"

விளக்குப் பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். ஞானாம்பிகை சட்டத்தரணி, கேட்ட கேள்விக்கு மழுப்பிப் பழக்கமில்லாதவள். உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "வந்திருக்க மாட்டன்."

வீட்டுக்கு வந்தார்கள். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அன்றைக்கே ஒட்டாவாவுக்குப் புறப்பட்டாள். தேர்தல் வரைக்கும் அவள்தானே எம்பி. திங்கட்கிழமை பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க இருந்தது, கேட்டாள். அவர் சனலில் பார்த்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஒக்டோபரில் தேர்தல் முடிந்தது, டாக்குத்தர் வென்றார். ஞானாம்பிகை பதினாறு அட்டைப் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தாள். டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து மறுபடி அகதி வழக்குகள் பார்க்கத் தொடங்கினாள். காலையில் போனால் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். புட்டு இரண்டு பேருக்குத்தான், இரண்டு பேரும் மேசையில் இருந்துதான் சாப்பிட்டார்கள். கோபம் இல்லை, சண்டை இல்லை. "உப்புக் காணுமே?" "காணும்." "நாளைக்குப் பனி கொட்டுமாம்." "ஓமாம்." கணேசலிங்கம் கேட்டது கிடைத்துவிட்டது. ஊருக்குள் ஆட்கள், "அண்ணை, இப்பதான் உங்களுக்கு நிம்மதி" என்றார்கள். அவரும் தலையாட்டினார்.

ஆனால் செத்தவீடுகளுக்கு இப்போது அவளே போனாள். "நீங்கள் களைச்சுப் போனியள், வீட்டிலை இருங்கோ" என்பாள், மரியாதையாக. அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றாலும் அதையேதான் சொல்வாள். கார் வெளியேறுவதை அவர் ஜன்னலில் நின்று பார்ப்பார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பகல். வெளியில் கண் கூசும் வெயில், பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகைக் குளிர். மேசையின் ஒரு பக்கம் கணேசலிங்கம் தேத்தண்ணியோடு இருந்தார். மறுபக்கம் ஞானாம்பிகை வழக்குக் கட்டுகளை விரித்து வைத்து, ஏதோ ஒரு கூட்டத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். கலண்டரில் ஒரு தாளைப் புரட்டினாள். பேனையால் ஒரு நாளில் தட்டினாள். நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்கப் போகிறாள், கேட்கப் போகிறாள் என்று நினைத்து அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் போனை எடுத்தாள்.

"அனோஜினி, ஓம் அக்காதான். சுகமே? ஒரு விசயம் பிள்ளை, ஐயான்ர முதல் வருஷ ஆட்டைத் திவசம் எண்டைக்கு வருது?"

கணேசலிங்கத்துக்குத் தெரியும். திதி தெரியும், திகதி தெரியும், ஐயர் எத்தனை மணிக்கு வருவார் என்பதும் தெரியும்.

"திதிப்படி பெப்ரவரி ரெண்டு" என்றார் மெதுவாக. "செவ்வாய்க்கிழமை."

போனில் அனோஜினி சொல்வது தெளிவாகக் கேட்கவில்லை போலும். ஞானாம்பிகை முகத்தைச் சற்றே திருப்பி, அவர் பக்கம் இருந்த மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.